பதினோராவது கட்டம்

2016ஆம் ஆண்டு ஜூன் இருபதாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, செகந்தராபாத் மேற்கு மாரெட்பள்ளி குப்புசாமி பள்ளியின் மூன்றாம் வகுப்பில் நாற்பத்திரண்டு கணக்குப் புத்தகங்கள் தாமாகவே ஒரு தாள் புரண்டன. காற்று என்று சொல்ல வழியில்லை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை, மின்விசிறிகள் நின்றிருந்தன. ஏழாம் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் ஒன்பதாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கப் போனால், புரண்ட தாள் முந்தைய தாளோடு ஒட்டிப் போயிருந்தது. வகுப்பாசிரியை விஜயகுமாரி ஸ்கேலின் முனையை நுழைத்து நெம்பிப் பார்த்தார், ஸ்கேல்தான் உடைந்தது. அவர் ஓடிப்போய்த் தலைமையாசிரியை சாவித்ரியிடம் சொன்னார். சாவித்ரி கச்சிபௌலிக்குப் போன் செய்தார். சிஸ்டம் லைவ் ஆகிவிட்டது என்று அங்கிருந்து வாழ்த்துச் சொன்னார்கள். அதே நிமிடம் அவர்களுடைய நாற்பத்தொரு பள்ளிகளிலும் அதே தாள் புரண்டிருந்தது. ஒரு வாரத்துக்குள் பிள்ளைகள் பத்து நாற்பதுக்குக் கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

கச்சிபௌலி என்றால் நகரத்தின் மறுகோடியில் கம்பெனிகள் நிறைந்த அந்தப் பகுதியில் ஒரு கட்டடத்தின் பதினாறாவது மாடியில் இருந்த நிறுவனம். அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு, பள்ளியில் யாரும் அதைச் சொன்னதில்லை. பிரிட்டிஷ்காரர்களின் கண்டோன்மெண்டுக்குக் காய்கறியும் குதிரைக் கொள்ளும் சப்ளை செய்த குப்புசாமி என்பவர், செகந்தராபாத்துக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளி அது. அவருடைய வாரிசுகளில் மிஞ்சிய இரண்டு பேரும் அமெரிக்காவிலிருந்தே கையெழுத்துப் போட்டு அதை நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அதற்கு முன்னால் அங்கே பாலும் தேனும் ஓடியதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்ததே இல்லை. ஒன்றுமட்டும் இருந்தது: எந்தப் பாடத்தில் எத்தனை நாள் நிற்பது என்பதை ஆசிரியர்கள் முடிவு செய்தார்கள். கழித்தல் கணக்குக்கு விஜயகுமாரி ஒரு வருடம் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார், இன்னொரு வருடம் முப்பத்தொரு நாள். சாவித்ரி பாடக்குறிப்பு நோட்டில் சிவப்பு மையால் திட்டி எழுதிவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிடுவார். இப்போது அந்த நோட்டு கச்சிபௌலியிலிருந்து அச்சடித்தே வந்தது, என்ன சொல்ல வேண்டும், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது உட்பட.

அடுத்த விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது டாக்டர்கள் அல்ல, யூனிஃபார்ம் கடை சுந்தரேசன். 2018 ஜூனில் அவர் பள்ளிக்கு வந்து, உங்கள் பள்ளிப் பிள்ளைகள் பதினாலு பேர் இரண்டு வருடமாக ஒரே சைஸ்தான் வாங்குகிறார்கள், என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று விசாரித்தார். கணக்குப் போட்டுப் பார்த்ததில் விஷயம் தெளிவாயிற்று. ஒரு பாடம் புரியாமல் இருக்கும்போதே தாள் புரண்டுவிட்டால், அந்தப் பிள்ளை அன்றோடு வளர்வதை நிறுத்திக்கொள்கிறது. நகம் வளர்வதில்லை, பல் விழுவதில்லை. விட்டுப்போன பாடத்தை அதற்குப் பிறகு எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும், எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் ஊற்றியது மாதிரிதான். மற்றபடி காய்ச்சல் தலைவலி எதுவும் கிடையாது, வருடா வருடம் பாஸ் ஆகி அடுத்த வகுப்புக்கும் போய்விடுவார்கள். கச்சிபௌலி அவர்களுக்குக் காம்பாக்ட் லர்னர்ஸ் என்று பெயர் வைத்து, பெஞ்சில் இடம் மிச்சமாவதைத் தனியாகக் குறிப்பிட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சில பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். அடுத்த வருடமே அந்தப் பள்ளிகளிலும் தாள்கள் புரளத் தொடங்கின.

சாவித்ரியைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. முப்பத்து மூன்று வருட சர்வீஸில் அவர் ஒரு படிவத்தையும் கட்டம் காலியாக வெளியே அனுப்பியதில்லை. காலிக் கட்டம் இருந்தால் மேலிடம் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பும், திரும்பி வந்தால் ஒரு மாதம் போய்விடும், அதற்குள் அந்தப் பிள்ளைக்கு வர வேண்டியது வராது. இதை அவர் இளவயதில் ஒரு ஸ்காலர்ஷிப் விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டவர். உடலில் மச்சமே இல்லாத ஒரு பையனின் மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளக் கட்டம் காலியாக இருந்தபோது, அவனைக் கூப்பிட்டு முழங்காலைப் பார்த்து, பழைய காயம் என்று எழுதி அனுப்பினார். டீச்சர்கள் விட்டுவிட்ட கட்டங்களைத் தானே நிரப்புவார், அதற்கு யாரிடமும் நன்றி எதிர்பார்க்கவும் மாட்டார். நல்ல பெண்மணிதான். அதுதான் பிரச்சினையாகப் போயிற்று.

2018 அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி அறுபத்து மூன்றாம் பக்கம் புரள வேண்டும். நானூற்று மூன்றிலிருந்து நூற்று எழுபத்தெட்டைக் கழிக்கிற கணக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. வகுப்பில் அஸ்வினி என்ற எட்டு வயதுப் பெண்ணைத் தவிர மற்றவர்கள் எப்படியோ தேறிவிட்டார்கள். அஸ்வினியின் அப்பா ஜெயராம் கச்சிபௌலி கம்பெனிகளுக்கு ஷட்டில் வண்டி ஓட்டுகிறவர், நான்கு தலைமுறையாகச் செகந்தராபாத் தமிழர். தமிழில் கேட்டால் அஸ்வினி இந்தியில் பதில் சொல்வாள். நடுவில் இருக்கும் பூஜ்யத்தைப் பார்த்ததும் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். "ஜீரோ கனே குச் பீ நை, மேம். உஸ்ஸே கைசா லேனா?" என்பாள். பூஜ்யத்திடம் ஒன்றுமே இல்லையே, அதனிடம் எப்படி வாங்குவது என்று அர்த்தம். கேள்வி நியாயமானது. அச்சடித்து வந்த நோட்டில் அதற்குப் பதில் இல்லை.

அன்று பத்து நாற்பதுக்குத் தாள் எழும்பியபோது விஜயகுமாரி அஸ்வினியின் புத்தகத்தின்மேல் வலது உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பஸ் கதவைச் சாத்தவிடாமல் பிடிப்பதுபோல இருந்தது என்று பிறகு சொன்னார். தாள் புரளவில்லை. மறுநாள் தேறிய பிள்ளைகளின் புத்தகங்களில் செங்கல்லை வைத்துப் பார்த்தார்கள், செங்கல் பறந்துபோய்க் கரும்பலகையில் மோதியது. சாவித்ரி கை வைத்தும் நிற்கவில்லை. சொல்லிக்கொடுக்கிற ஆசிரியையின் கைக்கு மட்டும்தான் அது கட்டுப்பட்டது, கையை எடுத்தால் புரண்டுவிடும். ஆகவே விஜயகுமாரி கையை எடுக்கவில்லை. புத்தகத்தோடு ஆட்டோவில் வீட்டுக்குப் போனார், புத்தகத்தோடு தூங்கினார், இடது கையால் சாப்பிட்டார், இடது கையால் வருகைப் பதிவு எழுதினார். கணவர் ஆனந்தகுமார் தலை வாரிவிடக் கற்றுக்கொண்டார். தீபாவளி எண்ணெய்க் குளியலின்போது குளியலறைக் கதவை லேசாகத் திறந்து வலது கையை மட்டும் வெளியே நீட்டியிருந்தார், ஆனந்தகுமார் அடியில் புத்தகத்தைத் தாங்கிக்கொண்டு நின்றார். கை மேலே இருக்கும்போது கணக்கைப் படிக்க முடியாது, விரல்களுக்கு நடுவில் தெரிகிற எண்களை வைத்துத்தான் அஸ்வினிக்குப் பாடம் நடந்தது. ஆனாலும் தீபாவளி முடிந்தபோது அந்தப் பெண்ணின் நகம் வளர்ந்திருந்தது. அவளுடைய அம்மா அதை வெட்டாமல் பள்ளிக்கு அனுப்பி டீச்சரிடம் காட்டச் சொன்னாள்.

கச்சிபௌலியின் திரையில் நாற்பத்தொரு பள்ளிகளும் பச்சைப் புள்ளிகளாக இருந்தன, ஒன்றுமட்டும் சிவந்துவிட்டது. விசாரிக்க ஸ்டெல்லா என்ற பெண் வந்தார். திருநெல்வேலிக்காரர், ஐந்து வருடத்துக்கு முன்பு வேலைக்காக இங்கே வந்தவர். போக்குவரத்து நெரிசலில் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிருந்தது. விஜயகுமாரியின் கையைப் பார்த்ததும் முதலில் தைலம் வேண்டுமா என்றுதான் கேட்டார்.

"நான் ஒண்ணும் பெருசா கேக்கலம்மா," என்றார் விஜயகுமாரி. "இந்தப் பொண்ணுக்கு இன்னும் கொஞ்ச நாள் குடுங்க, அவ்ளோதான்."

"நான் வேண்டாம்னா சொல்லுதேன் மேடம்?" என்று ஸ்டெல்லா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "எனக்கும் பாக்க மட்டுந்தான் அனுமதி. ஒரு பட்டனும் வேலை செய்யாது. நாங்களும் மேல கேட்டுத்தான் செய்யணும்."

மேலே யார் என்று சாவித்ரி கேட்டதற்கு, அது தனக்குத் தெரியவில்லை என்று ஸ்டெல்லா உண்மையாகவே சொன்னார். போகும்போது அஸ்வினிக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். இரக்கமுள்ள பெண். இந்தக் கதையில் இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஸ்டெல்லா கேட்டது மேலே யார் காதிலோ விழுந்தது போலிருக்கிறது. நவம்பர் பதினாலாம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, கச்சிபௌலியில் ஒரு பெரிய அரங்கத்தில் நாற்பத்தொரு பள்ளித் தலைமையாசிரியர்களையும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, இனிமேல் ஆசிரியருக்கே அதிகாரம் என்று அறிவித்தார்கள். எந்தப் பக்கத்தில் எத்தனை நாள் நிற்பது என்பதை ஆசிரியரும் தலைமையாசிரியருமே முடிவு செய்யலாம், நிறுவனம் தலையிடாது. கைதட்டல் நின்றதும் எல்லாருக்கும் சமோசாவும் ஒரு படிவமும் கொடுத்தார்கள். படிவத்தில் பதினொரு கட்டங்கள். பத்துக் கட்டங்களில் பள்ளி, வகுப்பு, பிள்ளை, பக்கம், காரணம் முதலியவை. பதினோராவது கட்டத்தில் தாள் புரள வேண்டிய தேதி. பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் விதிகள், அதில் ஒன்பதாவது விதி: பதினோராவது கட்டம் காலியாக விடப்பட்டால், ஆசிரியருக்குத் திருப்தி ஏற்படும்வரை தாள் புரளாது. அந்த விதியை யார் எழுதினார்கள் என்று தெரியாது. அவர் எங்கோ ஒரு பள்ளியில் கொஞ்ச நாளாவது பாடம் நடத்தியவராகத்தான் இருக்க வேண்டும்.

சாவித்ரி கொண்டுவந்து கொடுத்த படிவத்தின் பின்பக்கத்தை விஜயகுமாரி மூன்று முறை படித்தார். இடது கையால் பத்துக் கட்டங்களை நிரப்பினார், பதினோராவதை விட்டுவிட்டார். படிவத்தைப் பள்ளி வழக்கப்படி தலைமையாசிரியை அறையில் இருந்த நீலத் தட்டில் வைத்தார். அந்தத் தட்டில் வைத்த காகிதத்தைப் பற்றி வாயால் விளக்கம் சொல்கிற வழக்கம் அங்கே எப்போதுமே இருந்ததில்லை. சாயங்காலம் சாவித்ரி தட்டைப் பார்த்தார். காலிக் கட்டம் கண்ணில் பட்டது. பதினேழு நாள் கையை எடுக்காமல் இருந்தவள், இடது கையால் எழுதியிருக்கிறாள், பாவம் மறந்துவிட்டாள் என்று நினைத்தார். இது திரும்பி வந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன ஆவது என்று பயந்தார். எத்தனை நாள் போதும் என்று அவர் கணக்குப் போடவில்லை, குப்புசாமி பள்ளியில் எந்தப் பாடமும் வெள்ளிக்கிழமையில்தான் முடியும் என்பது பழைய வழக்கம், அதனால் அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமையைப் பார்த்தார். பேனாவை எடுத்து, தன் அழகான கையெழுத்தில், நவம்பர் இருபத்து மூன்று என்று எழுதி, முத்திரை வைத்து அனுப்பினார். அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனதாகப் பிற்பாடு அவரே சொன்னார்.

மறுநாள் கச்சிபௌலியிலிருந்து அனுமதி வந்தது. விஜயகுமாரி கையை எடுத்தார், தாள் அப்படியே படுத்திருந்தது. உள்ளங்கை வெளிறி, அதில் அறுபத்து மூன்றாம் பக்கத்தின் எண்கள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. அதற்குப் பிறகு வந்த ஆறு நாளும்தான் அவர் பல வருடங்களில் ஒழுங்காகப் பாடம் நடத்திய நாட்கள். ஒன்பது தீப்பெட்டிகளைக் கொட்டி, நூறு நூறாக ரப்பர் பேண்டு போட்டு நாலு கட்டு கட்டினார், மூன்று குச்சிகளைத் தனியாக வைத்தார். நடு இடத்தை வெறுமையாக விட்டார். அஸ்வினி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவசரமில்லை, பார் என்று விஜயகுமாரி சொல்லிவிட்டு மற்ற பிள்ளைகளிடம் போய்விடுவார். வியாழக்கிழமை மத்தியானம் அஸ்வினி தானாகவே ஒரு நூறு கட்டைப் பிரித்து, பத்துப் பத்தாகக் கட்டி நடுவில் வைத்து, அதிலிருந்து ஒன்றை எடுத்து வலது பக்கம் தள்ளினாள். "ஜீரோ பாஜுவாலே சே லேகே தேதா, மேம்!" என்று கத்தினாள். பூஜ்யம் பக்கத்து வீட்டில் வாங்கித் தருகிறது. விஜயகுமாரிக்கு உட்கார வேண்டும்போல இருந்தது, உட்கார்ந்தார். அன்று அஸ்வினி ஐந்து கணக்கில் இரண்டைச் சரியாகப் போட்டாள். இன்னும் நாலு நாளில் ஐந்தும் வந்துவிடும் என்று விஜயகுமாரி ஆனந்தகுமாரிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்து நாற்பதுக்கு அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். மற்ற புத்தகங்கள் புரள்கிற சத்தத்தோடு ஒரு சத்தம் கூடுதலாகக் கேட்டது. திரும்புவதற்குள் அஸ்வினியின் புத்தகம் அறுபத்தைந்தாம் பக்கத்தில் இருந்தது. அஸ்வினி பாதி பிரித்த கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். பிறகு டீச்சரிடம் நீட்டி, "யே கைக்கு, மேம்?" என்று கேட்டாள். இது எதற்கு என்று கேட்டாள்.

விஜயகுமாரி தலைமையாசிரியை அறைக்குப் போய்ப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"காலியா இருந்துதே விஜயா," என்றார் சாவித்ரி. அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. "நீ அவசரத்துல விட்டுட்டேன்னு நெனச்சேன். ரிட்டர்ன் வந்துடுமேன்னுதான்..."

"விட்டுடல மேடம். நான் எழுதினதே அதான்."

ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருந்தால் போதும். அது விஜயகுமாரிக்கும் தெரியும், அதனாலேயே அவர் கோபம் ஆறவில்லை. சாவித்ரி கச்சிபௌலிக்கு அன்றே ஏழு மின்னஞ்சல் அனுப்பினார். தவறு தன்னுடையது, தேதியை அழித்துவிடுங்கள் என்று கேட்டார். திங்கட்கிழமை பதில் வந்தது. இந்த முடிவு பள்ளி மட்டத்தில், முழு அதிகாரத்துடன் எடுக்கப்பட்டிருப்பதால் அதில் தலையிட நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்றும், புதிய திட்டத்தை முதலில் பயன்படுத்திய பள்ளி என்பதற்காகப் பாராட்டுகள் என்றும் இருந்தது. கேடயம் பின்னால் கூரியரில் வந்தது.

அடுத்த வாரம் ஜெயராம் மத்தியான ஷிஃப்டை விட்டுவிட்டு வந்திருந்தார். நகம் வளர்வது நின்றுவிட்டது என்று மனைவி சொன்னதைக் கேட்டு மகளின் நகங்களை அவரே பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

"கைக்கு மேடம், எதுக்கு இப்டி ஆச்சு? யாரு முடிவு பண்ணாங்க?"

"நான்தான் பண்ணேன்," என்றார் சாவித்ரி.

"அப்போ மேல பேசி மாத்துங்க. டெய்லி அவங்க ஆளுங்களத்தான் நான் ஏத்தினு போறேன். பேரு சொல்லுங்க, நானே கேக்கறேன்."

"மாத்த முடியாதாம்பா. நாங்களே பண்ணினதுங்கறதால."

ஜெயராமுக்குச் சண்டை போடத் தெரியும், ஆனால் எதிரே அழுதுகொண்டிருந்த பெண்மணியிடம் போட முடியவில்லை. மறுநாளும் அதே ரூட்டில் வண்டி ஓட்டினார்.

சாவித்ரி அந்தத் தாளைக் குக்கர் ஆவியில் காட்டினார், சவரக் கத்தியால் பிரித்துப் பார்த்தார், ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்துப் பூஜைகூடச் செய்தார். ஒட்டியது ஒட்டியதுதான். அவரும் விஜயகுமாரியும் பதினொரு மாதம் பேசிக்கொள்ளவில்லை, நீலத் தட்டில் காகிதம் வைத்துத்தான் பள்ளியை நடத்தினார்கள். சாவித்ரி ஓய்வு பெற்றபோது தன் கடைசிப் படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினார். அது சிவப்பு வட்டங்களோடு மூன்று முறை திரும்பி வந்தது, நான்காவது முறை அலுவலக உதவியாளர் எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பிவிட்டார். 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோதும் பத்து நாற்பது தவறவில்லை. பூட்டிய வகுப்புகளுக்குள்ளே புத்தகங்கள் புரள்கிற சத்தம் தெருவரை கேட்டது, காய்கறி வண்டிக்காரர் அதை வைத்து நேரம் பார்த்துக்கொண்டார். பள்ளி மறுபடி திறந்தபோது சுந்தரேசன் சின்ன சைஸ்களில் மட்டும் ஒரு லாரி சரக்கு இறக்கினார்.

திட்டம் இன்றும் இருக்கிறது. மற்ற நகரங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாற்பத்தொரு பள்ளிகளிலும் இதுவரை ஆறாயிரத்துச் சொச்சம் படிவங்கள் நிரப்பப்பட்டிருக்கின்றன, அத்தனையிலும் பதினோராவது கட்டத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது. ஒன்பதாவது விதியை யாரும் நீக்கவில்லை, நீக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. விஜயகுமாரி சில வருடம் ஒவ்வொரு டீச்சராகப் பார்த்துச் சொன்னார். காலியாக விட்டால் எங்கள் மேடம் கேட்பார்களே என்றார்கள். அவர்களுடைய மேடத்திடம் கேட்டால், டீச்சர்தான் எழுதிக்கொண்டு வந்தார் என்றார்கள். விஜயகுமாரியே மறுபடியும் இரண்டு முறை காலியாக விட்டு அனுப்பினார். அப்போது வேறு தலைமையாசிரியை வந்திருந்தார். விட்டுப்போயிருந்தது, நானே போட்டுவிட்டேன் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு விஜயகுமாரி தேதியை அவரே எழுதினார். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அஸ்வினி வருடா வருடம் பாஸ் ஆனாள். அல்ஜிப்ராவை மனப்பாடம் செய்தாள், வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டினாள், எட்டு வயது உயரத்தில் ஒன்பதாம் வகுப்பை முடித்தாள். அவளுக்கு ஆறு வயது இளைய தங்கை பிந்து அதே பள்ளியில் சேர்ந்தாள். அது தாளைவிட வேகமாகப் புரிந்துகொள்கிற பிள்ளை, மளமளவென்று வளர்ந்தது. 2025இல் ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே உயரத்தில் இருந்தார்கள், அடுத்த மாதம் இல்லை. பள்ளிக்குப் போகும்போது பிந்து அஸ்வினியின் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தாள், அவளுக்கு ஜடை பின்னிவிட்டாள். அம்மா வேலையாக இருந்தால் சாதமும் பிசைந்து கொடுத்தாள்.

2026 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு. குப்புசாமி பள்ளிப் பிள்ளைகளுக்குப் போலாரத்தில் சென்டர் போட்டிருந்தார்கள். பெஞ்சு எட்டாத பிள்ளைகளுக்காக அங்கே பலகைகள் முன்கூட்டியே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, யாரும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் பெயர்ப் பட்டியலோடு விஜயகுமாரி நின்றிருந்தார். எட்டரை மணி பஸ்ஸில் பிந்து அஸ்வினியைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள், ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள், மூக்கைத் துடைத்துவிட்டாள். அஸ்வினி கேட்டுக்குள் இரண்டடி வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, ஜானா நக்கோ. யஹீச் ரெஹ்னா."

போய்விடாதே, இங்கேயே இரு என்றாள், தன் தங்கையிடம். "இங்கயேதான் இருப்பேன், போ," என்றாள் பிந்து. ஆறு மாதமாக அஸ்வினி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், வீட்டில் முதல் நாள் மட்டும் அவளுடைய அம்மா திருத்திப் பார்த்தாள். விஜயகுமாரி திருத்தவில்லை. பட்டியலில் அஸ்வினியின் பெயருக்கு நேரே டிக் போட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.